பேஸ்மட்டமும் பேஸ்மெண்ட்டும்: பூமிக்குள் போன ரெடிமேட் சுவர்களின் கதை

தமிழ்நாட்டில் எந்த மேஸ்திரியிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "பேஸ்மட்டம் போட்டாச்சு" என்றால், தரைக்கு மேலே 3 அடி சுவர் எழுப்பி, உள்ளே மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு தரைக்குக் கீழே இருக்கும் அறை என்று பொருள். பூமிக்குள் இருக்க வேண்டிய சொல் தமிழுக்கு வந்ததும் பூமிக்கு மேலே ஏறிக்கொண்டது! யாரும் தப்பாகப் புரிந்துகொண்டதால் நடந்தது அல்ல இது. மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்கு வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். அங்கே பேஸ்மெண்ட் வைத்து வீடு கட்டுகிறவர் முதலில் 8 அடி பள்ளம் தோண்டுகிறார். பிறகு சில வீடுகளுக்கு ஃபேக்டரியிலிருந்து லாரியில் கான்கிரீட் பேனல்கள் வருகின்றன. கிரேன் ஒவ்வொன்றாக இறக்க, போல்ட் போட்டு இணைத்து, ஒரே நாளில் அடித்தளச் சுவர் முழுவதும் நின்றுவிடுகிறது. இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நம்ம பொன்னேரி மனையிலும் இப்படி ஒரு அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் போட்டால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் இருக்கின்றன, சிமெண்ட் கிடைக்கிறது, ஜி.என்.டி. ரோட்டில் டிரெய்லர் லாரிகளுக்கும் பஞ்சமில்லை. பிறகு ஏன் வீட்டு அஸ்திவாரத்துக்கு யாரும் ரெடிமேட் பேனல் வாங்குவதில்லை?

பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் ஏறக்குறைய 2000 வருடம்.

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் பட்டரைப்பெரும்புதூர் என்று ஒரு ஊர். தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே 2015-16இல் அகழாய்வு செய்தது. கற்காலக் கருவிகளிலிருந்து பானை ஓடுகள் வரை பல காலத்துப் பொருட்கள் கிடைத்த அந்த இடத்தில் ஒரு உறைகிணறும் வெளிப்பட்டது. சுட்ட மண்ணால் செய்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் இதே வகைக் கிணறுகள் கிடைத்திருக்கின்றன.

இப்போது "ப்ரீகாஸ்ட்" என்ற சொல்லின் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். வேறு ஒரு இடத்தில், அச்சில் அல்லது சக்கரத்தில், ஒரே அளவில் செய்து, கெட்டியாக்கி, பிறகு வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து பொருத்துவது. குயவர் செய்த உறை அதுதானே? மண்ணுக்குள் இறங்கிய ரெடிமேட் சுவர் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. புதிதாக இருப்பது அதன் வடிவம் மட்டும்.

இந்த வடிவம்தான் கதையின் முக்கியமான விஷயம். வட்டமான உறையைச் சுற்றி மண் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாக அழுத்துகிறது. அழுத்த அழுத்த வளையம் இன்னும் இறுகுகிறது. சுட்ட மண்ணோ கான்கிரீட்டோ, அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்காது (கான்கிரீட்டின் இழுவைத் தாங்குதிறன் அதன் அழுத்தத் தாங்குதிறனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்). அதனால் வளையத்துக்கு இரும்புகூட அவ்வளவாகத் தேவையில்லை. ஒரு உறைக்கும் அடுத்த உறைக்கும் நடுவிலுள்ள இணைப்பில் ஒட்டும் பசை இல்லாவிட்டாலும் கிணறு நிற்கும். அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தால் அது கிணற்றுக்கு நல்லதும்கூட!

இறக்கும் முறையும் அழகானது. உறையைத் தரையில் வைத்து உள்ளேயிருந்து மண்ணைத் தோண்டி எடுக்க, அது தன் எடையிலேயே கீழே இறங்கும். மேலே இன்னொரு உறை. மறுபடி தோண்டல். சரிந்து விழும் மணலிலும் இந்த வேலை நடக்கும், ஏனென்றால் தோண்டுகிறவரைச் சுவரே காப்பாற்றுகிறது. இதே தந்திரத்தைப் பெரிதாக்கி, செங்கல்லால் கட்டிய கிணறுகளை ஆற்று மணலில் இறக்கி, அவற்றின் மேல் அணைகளும் பாலங்களும் கட்டினார்கள் 19ஆம் நூற்றாண்டு மதராஸ் மாகாண எஞ்சினியர்கள். 1836இல் கொள்ளிடத்தில் அணைகள் கட்டிய ஆர்தர் காட்டன், தளர்ந்த மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னவர்.

சுட்ட மண் போய் சிமெண்ட் வந்த பிறகும் வளையம் போகவில்லை. இன்றைக்கும் திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, கவரைப்பேட்டை எந்த ரோட்டோரம் பார்த்தாலும் சிமெண்ட் உறைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். கிணற்றுக்கு, செப்டிக் டேங்குக்கு, மழைநீர் சேகரிப்புக் குழிக்கு. இரண்டு அச்சு, ஒரு கலவைத் தட்டு, நாலு ஆள் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். முதலீடு குறைவு, ஒரே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம், வாங்குகிறவர் தெருவுக்கு நாலு பேர். வணிகவியல் பாடத்தில் "பிரேக் ஈவன்" என்று சொல்வார்களே, உறைக்காரருக்கு அது மிகச் சீக்கிரம் வந்துவிடும். தமிழ்நாட்டு வீடுகள் மண்ணுக்குள் வாங்கிப் போட்ட ப்ரீகாஸ்ட் சுவர் இதுதான், இவ்வளவுதான்.

சென்னை மெட்ரோவையும் இதில் சேர்க்கலாம். 2017 மே 14 அன்று திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே முதல் சுரங்கப் பாதை திறந்தது. அந்தச் சுரங்கத்தின் சுவர், யார்டில் வார்த்துக் கொண்டுவந்த வளைந்த கான்கிரீட் துண்டுகள் சேர்ந்த வளையம். துண்டுகளுக்கு நடுவில் ரப்பர் கேஸ்கட், போல்ட், வெளிப்பக்கம் கிரவுட். எவ்வளவு பெரிய மெஷின் வந்தாலும் மண்ணுக்குள் போகும்போது மனிதன் வட்டத்தைத்தான் நம்புகிறான்!

சரி, தட்டையான பேனல் எங்கிருந்து வந்தது?

அது தரைக்கு மேலே பிறந்தது. 1905இல் லிவர்பூல் நகர எஞ்சினியர் ஜான் அலெக்சாண்டர் ப்ரோடி, எல்டன் தெருவில் ஏழைத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பைத் தட்டையான கான்கிரீட் பேனல்களால் கட்டினார். நகரக் குப்பையை எரித்தபின் மிஞ்சிய கிளிங்கரை அரைத்துக் கான்கிரீட்டில் கலந்தார்கள். (எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைச் செங்கல்லாக்கிய ஊர்க்காரர்களுக்கு இந்த யோசனை பழகினதாகத்தான் தெரியும்.) அதன் பிறகு இரண்டு உலகப் போர்கள், கோடிக்கணக்கில் வீடிழந்தவர்கள். ஐரோப்பா முழுக்க பேனல் வீடுகள் முளைத்தன.

இந்தியாவுக்கு அது பிரிவினையோடு வந்தது. டெல்லியில் லட்சக்கணக்கான அகதிகள் கூடாரங்களில் கிடந்தார்கள். வீட்டுவசதி அப்போது சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருந்தது. அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கவுர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து மைசூர் சமஸ்தானத்தில் கட்டிடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1948இல் வீட்டுவசதி இயக்குநரானார். ஃபேக்டரியில் பேனல் செய்து வீடுகளை மொத்தமாக உற்பத்தி செய்வது என்று முடிவானது. டெல்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை எழுந்தது. காற்றுக் குமிழ்கள் கொண்ட லேசான கான்கிரீட் பேனல்கள் அதன் சரக்கு.

நடந்தது வேறு. பேனல்கள் எதிர்பார்த்த தரத்தில் வரவில்லை. செலவு ஏறியது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் கிளம்பின. 1951இல் கோனிக்ஸ்பெர்கர் லண்டனுக்குப் போய்விட்டார். தொழிற்சாலை 1953இல் ஹிந்துஸ்தான் ஹவுசிங் ஃபேக்டரி என்ற கம்பெனியாக மாறியது, 1978இல் ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இடையில் அது பிழைத்தது எதை வைத்து? மின்கம்பமும் ரயில்வே ஸ்லீப்பரும் போன்ற சாமான்களை வைத்து. வீட்டுச் சுவருக்காகத் தொடங்கிய ஃபேக்டரிக்குக் கடைசியில் சோறு போட்டவை, ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் விற்கிற, பக்கத்துப் பொருளோடு இணைக்கத் தேவையில்லாத துண்டுகள்!

இணைப்பு. ப்ரீகாஸ்ட் வரலாற்றில் ஒவ்வொரு விபத்தையும் துருவிப் பார்த்தால் பேனல் உடைந்த கதை அபூர்வம், இணைப்பு விட்டுப்போன கதைதான் அதிகம். 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டிடம். 18ஆவது மாடியில் விடியற்காலை ஒரு சமையல் கேஸ் கசிவு வெடித்தது. வெடிப்பு பெரிதில்லை. ஆனால் மூலைச் சுவர் பேனல் வெளியே தள்ளப்பட்டதும், அதன் மேல் நின்ற மாடிகள் சீட்டுக்கட்டு போல இறங்கின, அவற்றின் பாரத்தில் கீழ்மாடிகளும் போயின. 4 பேர் இறந்தார்கள். குடியேறத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதமே ஆன கட்டிடம். 1986இல் அதைப் பிரித்தபோது, கான்கிரீட் நிரப்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சிலவற்றில் செய்தித்தாள் திணித்திருந்ததைக் கண்டார்கள்.

நம் நாட்டில் 2001 ஜனவரி 26. குஜராத் பூகம்பம். 1999-2000 சமயத்தில் ப்ரீகாஸ்ட் துண்டுகளால் விரைவாகக் கட்டப்பட்ட ஒற்றைத் தளப் பள்ளிக் கட்டிடங்கள் பல விழுந்தன. கூரைப் பலகைகள் ஒன்றோடொன்றும் சுவரோடும் சரியாகக் கட்டப்படாததே காரணம். அன்று குடியரசு தின விடுமுறை. வேலை நாளாக இருந்திருந்தால்... நினைக்கவே பயமாக இருக்கிறது. அடுத்த வருடம், 2002இல், நில அதிர்வுக்கான இந்தியத் தர நிர்ணயத்தைத் திருத்தியபோது சென்னைப் பகுதி 2ஆம் மண்டலத்திலிருந்து 3ஆம் மண்டலத்துக்கு ஏறியது.

தரைக்கு மேலேயே இப்படியென்றால், இந்தத் தட்டைப் பேனலை மண்ணுக்குள் இறக்கும் தைரியம் அமெரிக்கர்களுக்கு எப்படி வந்தது? குளிர் கொடுத்த தைரியம் அது. அங்கே வட மாநிலங்களில் குளிர்காலத்தில் மண்ணுக்குள் 3 அடி, 4 அடி ஆழம் வரை ஈரம் உறைந்து வீங்கும். அஸ்திவாரம் அந்த ஆழத்துக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும். எப்படியும் பாதி தோண்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு முழு அறை கிடைக்கும், கொதிகலனையும் விறகையும் அங்கே வைக்கலாம் என்று வந்ததுதான் பேஸ்மெண்ட். கணக்குப்படி ஏறக்குறைய இலவச இணைப்பு. 1981இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய சுப்பீரியர் வால்ஸ் போன்ற கம்பெனிகள் இந்தச் சந்தைக்குத்தான் பேனல் செய்தன. முன்பக்கம் மெல்லிய கான்கிரீட் தகடு, பின்னால் விலா எலும்பு போல் கான்கிரீட் கால்கள். கீழே வார்த்த அஸ்திவாரம்கூடக் கிடையாது, நன்றாக இறுக்கிய ஜல்லிப் படுகையின் மேல் பேனலை நிறுத்துகிறார்கள். பேனலுக்குப் பேனல் போல்ட், நடுவில் சீலண்ட். ஜல்லி வழியாகத் தண்ணீர் வடிந்து, குழாயில் போய், சரிவான இடத்தில் வெளியேறும் அல்லது பம்ப் குழியில் சேரும்.

இந்த முறையின் உயிர்நாடி அந்த வடிகால்தான். திருவள்ளூர்க் கடலோரத்தில் கதை மாறுவதும் அங்கேதான்.

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி நிலத்தைப் பாருங்கள். ஆரணியாறு, கொசஸ்தலை, கிழக்கே பழவேற்காடு ஏரி. நிலம் தட்டு போல. வடிகிற தண்ணீரைச் சரிவுக்கு விடலாம் என்றால், சரிவு எங்கே? வடகிழக்குப் பருவமழையில் பல இடங்களில் நிலத்தடி நீர் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 20 அடிக்கு 30 அடி, அதாவது சுமார் 6 மீட்டருக்கு 9 மீட்டர் அறை, 8 அடி ஆழம். வெளியே தண்ணீர் அறையின் தரைமட்டத்துக்கு 2 மீட்டர் மேலே நிற்கிறது. அறையைக் கீழிருந்து மேலே தள்ளும் விசை 6 × 9 × 2, அதாவது 108 டன். 15 செ.மீ. தரை கான்கிரீட்டின் எடை சுமார் 20 டன். அதே கனத்தில் சுற்றுச் சுவர் இன்னொரு 27 டன். மிச்சம் 60 டன்னை மேலே எழும் வீடுதான் தன் எடையால் அமுக்க வேண்டும். வீடு எழும் முன்னே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தரை வெடிக்கும், அல்லது அறையே படகு மாதிரி கிளம்பப் பார்க்கும். மேற்படி அமெரிக்கப் பேனலின் பெருமையே அது லேசானது என்பது. இங்கே அந்தப் பெருமையே வினை!

பக்கவாட்டுக் கணக்கும் உண்டு. 8 அடி ஆழத்துக்கும் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 3 டன் தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. வட்டமான உறைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தட்டைப் பேனலோ உள்ளே வளையப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது கீழே தரை கான்கிரீட், மேலே கூரைத் தளம். ஆகவே இரண்டும் போட்டு முடியும் முன் சுவருக்குப் பின்னால் மண் தள்ளக் கூடாது. அமெரிக்கக் கம்பெனிகளே இதைக் கட்டாய நிபந்தனையாகச் சொல்கின்றன. "பள்ளம் சும்மா கிடக்குதே, ஜேசிபியைக் கூப்பிட்டு மண்ணைத் தள்ளிடலாம்" என்று அவசரப்படுகிற சைட்டுக்கு இந்தப் பேனல் லாயக்கில்லை.

மூன்றாவது எதிரி உப்பு. சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்றுத் தொகுதிகள் போட்டு 1960களிலிருந்து நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். உறிஞ்சிய இடத்துக்குக் கடல் வந்தது. மீஞ்சூர்ப் பக்கம் பல கிலோமீட்டர் உள்ளே வரை நிலத்தடி நீர் உப்பாகிப்போனது இப்படித்தான். 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்ததும் அதே மீஞ்சூர்ப் பகுதியில்தான். விதியின் விளையாட்டு என்று சொல்லலாம். உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறி, கம்பியைத் துருவாக்கும். துரு வீங்கும், கான்கிரீட் உரியும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர நிர்ணயம், தீங்கான நிலத்தடி நீரில் புதையும் கான்கிரீட்டை "மிகக் கடுமையான சூழல்" என்று வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் 50 மி.மீ. கவரும் குறைந்தது எம்-35 தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. ஒரு பக்கம் 50, மறுபக்கம் கவர், நடுவில் கம்பி என்று கூட்டினால் மெல்லிய பேனலில் இடமே இருக்காது. காம்பவுண்டு சுவருக்கு விற்கிற 2 அங்குல ஸ்லாப்பை அஸ்திவாரத்துக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

அப்படியானால் இங்கே பேனலே ஆகாது என்று அர்த்தமா? இல்லை. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 1152 வீடுகள் ப்ரீகாஸ்ட் முறையில் எழுந்தன. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல், 2022 மே 26 அன்று திறப்பு. நடுவில் கொரோனா இரண்டாம் அலை வேறு. 1152 வீடுகளுக்கும் அதே அச்சுகள் திரும்பத் திரும்பப் பயன்படும்போது அச்சின் விலை ஒவ்வொரு வீட்டின் தலையிலும் சிறு துளியாகத்தான் விழும். ஒற்றை வீடு கட்டுகிறவர் அந்த முழு விலையையும், கிரேன் வாடகையையும், டிரெய்லர் திரும்ப முடியாத 16 அடித் தெருவின் தொல்லையையும் தனியாகச் சுமக்க வேண்டும். தரைக்கு மேலே வெற்றி பெற்ற முறை, தனி வீட்டின் தரைக்குக் கீழே தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேடான, செம்மண் பாங்கான, உப்பில்லாத மனை. மழைக்காலத்திலும் நீர் ஆழத்தில் நிற்கிறது. அடுத்தடுத்து நாலைந்து வீடுகள் ஒரே அளவில் வருகின்றன. இப்படி இருந்தால் பேனல் யோசிக்கத் தக்கது. அப்போதும் விலைப்பட்டியலில் சதுர அடி ரேட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இணைப்பின் வரைபடம். இரண்டு பேனல் சேரும் இடத்தில் கம்பி எப்படிப் பின்னுகிறது, கிரவுட் எதில், வாட்டர் ஸ்டாப் எங்கே, மூலையில் என்ன செய்கிறார்கள், அதில் கையெழுத்துப் போட்ட ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் யார். ப்ரீகாஸ்ட் கட்டிடங்களுக்கு ஐ.எஸ். 15916 என்று தனி விதிமுறையே இருக்கிறது, அதன்படி வடிவமைத்ததா என்று கேட்கலாம். மண் பரிசோதனையைக் கோடையில் செய்துவிட்டு "தண்ணீரே இல்லை சார்" என்று எழுதித் தந்தால் அந்த ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட். கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும் என்று அந்தத் தெருப் பெரியவர்களிடம் கேட்டாலே மீதிப் பாதி கிடைத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்க்க லேப் செலவும் பெரிதல்ல.

மற்ற மனைகளுக்கு, குறிப்பாக மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்துக்கு, நிலவறை வேண்டவே வேண்டும் என்றால் அடித்தளத்தையும் சுவரையும் சேர்த்து அந்த இடத்திலேயே ஒரு தொட்டி போல வார்ப்பதுதான் வழி. இணைப்புகள் குறையும், எடையும் கூடும். ஆனாலும் அதற்கு ஒரு பம்ப் வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் தண்ணீர் நின்ற பல இடங்களில் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தித்தான் வைத்தார்கள், சில இடங்களில் நாள்கணக்கில். 3 அடி பேஸ்மட்டம் போட்டுக் கட்டிய வீடுகளில் இருந்தவர்கள் அந்த நாட்களில் வாசற்படியில் நின்று தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.